மூன்று படி இறக்கி வைத்த கீபோர்ட்

பிறர் வீட்டுப் புதினம், விடுப்பு அறிவதில் எனக்குள்ள ஆர்வம் ஊரறிந்தது. அதனால் மகளுக்குப் பழைய கீபோர்ட் ஒன்று தேடவேண்டி வந்தபோது உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். புதிது என்றால் கடையும் பெட்டியும்தான். பழையது என்றால் வீடு வீடாக ஏறி இறங்கலாம். யார் வாசித்தார்கள், ஏன் விற்கிறார்கள் என்று உரிமையோடு கேட்கலாம்.

மகளுக்கு ஒன்பது வயது. மருதனார்மடத்தில் ஒரு கீபோர்ட் வகுப்புக்குப் போகத் தொடங்கியிருந்தாள். வீட்டில் பழக ஒன்று இல்லாவிட்டால் வந்து பயனில்லை என்று ரீச்சர் சொல்லிவிட்டார். என் கணவருக்கோ நம்பிக்கையே இல்லை.

"டான்ஸுக்கெண்டு சலங்கை வாங்கினம், அலுமாரிக்குள்ளை கிடக்குது. உதுவும் அதுக்குப் பக்கத்திலை போய்ப் படுக்கப்போகுது" என்றார்.

கடைசியில் ஒரு சனிக்கிழமை மட்டும் தேடுவது, அன்றைக்கு இவளுக்கு எதுவும் பிடிக்காவிட்டால் வகுப்பையும் நிறுத்திவிடுவது என்று முடிவாயிற்று. பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றாள்.

முதலில் சண்டிலிப்பாயில் ஒரு வீடு. கனடாவிலிருந்து தன் தம்பி அனுப்பிய கீபோர்ட்டை அந்த அம்மா சரிகைத் துணியால் மூடி, சாமிப்படம் மாதிரி வைத்திருந்தார். அது கனடா மின்சாரத்துக்குச் செய்த சாமான். எங்கள் பிளக்கில் நேரே கொழுவினால் புகைதான் வரும். அதற்கென்று வாங்கிய ட்ரான்ஸ்ஃபோமரும் எரிந்துபோயிற்றாம்.

"சத்தம் கேக்காமல் என்னெண்டு வாங்கிறது?" என்று கேட்டார் கணவர்.

"சத்தம் வடிவாய்த்தான் இருக்கும் தம்பி. கனடாச் சாமான் எல்லே!"

எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன. மகள் துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். கணவர் என்னைப் பார்த்த பார்வையில் சலங்கையின் ஞாபகம் இருந்தது.

அடுத்தது குருநகர். விற்பவர் கத்தோலிக்கக் கோயிலில் பாடகர் குழுவுக்கு வாசிக்கும் ஒரு அக்கா. வெளிநாட்டில் இருப்பவர்கள் கோயிலுக்குப் பெரிதாக ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டார்களாம். தன்னுடையது இனித் தேவையில்லை என்றார். நான் குனிந்து பார்த்தேன். நடுக்கட்டைகள் பழுத்துப்போயிருந்தன, ஓரத்தில் உள்ளவை புதுவெள்ளை. எத்தனை பூசை, எத்தனை கலியாணம் கண்டிருக்கும் என்று கேட்கத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அக்கா சுவிச்சைப் போட்டுவிட்டு, "வாசியுங்கோ பிள்ளை" என்று விலகி நின்றார்.

மகள் ஒரு கட்டையை அமத்தினாள். நிறுத்தினாள். திரும்பவும் அதையே அமத்தினாள். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

கணவர் பெருமூச்சு விட்டார். வகுப்பு இன்றோடு சரி என்று நினைத்தேன்.

"அம்மா, இது பிழை" என்றாள் மெதுவாக. "நான் 'சி' கட்டையைத்தான் அமத்திறன். 'ஏ' சுரம் கேக்குது."

அக்கா வந்து கீபோர்ட்டின் சின்னத் திரையைப் பார்த்தார். "ஐயோ, என்ரை கைப்பழக்கம்! எங்கடை ஆம்பிளையள் கடலாலை வந்த கையோடை விடியப் பூசைக்கு வருவினம். தொண்டை கட்டிக் கிடக்கும், மேலை ஏறாது. அதுதான் முழுச் சுருதியையும் கறுப்புக் கட்டையும் சேத்து மூண்டு படி இறக்கி வைச்சு வாசிக்கிறனான். போட்ட உடனை விரல் தானாய் அந்தப் பொத்தானை அமத்திப்போடும்."

சொல்லிவிட்டுச் சட்டென்று நிறுத்தினார். பிள்ளையை ஒரு மாதிரியாகப் பார்த்தார். சுருதியைப் பழையபடி ஏற்றிவிட்டு, "எழும்பி அங்காலை திரும்பி நில்லுங்கோ" என்றார். மகள் றோட்டுப் பக்கம் திரும்பி நின்றாள். அவர் ஏதோ ஒரு கட்டையை அமத்தினார்.

"எஃப்."

இன்னொன்று. "டி." கறுப்புக் கட்டை ஒன்று. அதையும் சொன்னாள்.

"சரியே?" என்று கேட்டார் கணவர். அவர் குரல் மாறியிருந்தது.

"எல்லாம் சரி அண்ணை. இவ்வளவு காலமாய் வாசிக்கிறன், பாக்காமல் கட்டையைச் சொல்ல எனக்கு ஏலாது."

மகள் திரும்பினாள். எங்கள் முகங்களைப் பார்த்துப் பயந்துவிட்டாள் போல. "ஏன், உங்களுக்குக் கேக்கிறேல்லையே?" என்றாள்.

பகிடிக்குக் கேட்கவில்லை. எல்லோருக்கும் அப்படித்தான் கேட்கும் என்று இவ்வளவு நாளும் நினைத்திருக்கிறாள்.

கணவர் அக்காவிடம் காசை எண்ணிக் கொடுத்துவிட்டு வயரைக் கழற்றக் குனிந்தார். "கொஞ்சம் பொறுங்கோ" என்று அவரைத் தடுத்து, அந்த முதல் கட்டையை நானும் ஒருமுறை அமத்திப் பார்த்தேன். எனக்கு வெறும் சத்தம்தான் கேட்டது. சந்தோஷமாக இருந்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது.