சன்னல் வழியாகத் தெரிந்த கை

குடிநீர் வாரியத்தில் ரசீது போடும் அக்காவுக்குத் தேர்தல் வேலை என்றால் கொள்ளைப் பிரியம். உங்களுக்குச் சிரிப்பு வரலாம். தேர்தல் உத்தரவு வந்ததுமே அந்த ஆபீசில் ஆளாளுக்கு முதுகுவலியும் மாமியார் ஆபரேஷனும் முளைத்துவிடும். எல்லாரும் டாக்டர் சர்டிபிகேட்டோடு அதிகாரி அறை வாசலில் நிற்பார்கள். ரசீதக்கா மட்டும் உத்தரவைப் பையில் போட்டுக்கொண்டு, நல்ல துணியாக ஒன்றை இஸ்திரிக்குக் கொடுத்துவிடுவாள்.

காரணத்தை அவள் வாயால் சொல்ல மாட்டாள், ரோசக்காரி. நானே சொல்கிறேன். அவள் ஒண்டிக்கட்டை. நோயாளி அம்மாவைப் பார்த்துக்கொண்டதில் கல்யாண வயது போயிற்று. பிறகு அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். அண்ணன் குடும்பம் வேறு ஊரில். போனில் ஒரு குடும்பக் குழு உண்டு. காலையில் அண்ணன் பூப்படம் போட்டு வணக்கம் சொல்வார், இவள் பதிலுக்கு ஒரு கும்பிடு போடுவாள். உறவு அதோடு சரி. ஆனால் தேர்தல் நாளில் விரலுக்கு மை வைக்கிற வேலை இவளுக்கு. ஊரே கையை நீட்டும். நடுங்குகிற கையைப் பிடித்து நிறுத்தி, வெட்கப்படுகிற கையைச் சிரிக்கவைத்து, ஒவ்வொன்றாக மை வைப்பாள். மற்ற நாட்களில் அவளைத் தொட்டுப் பேச ஆள் கிடையாது.

இந்த முறை பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றில் சாவடி. புதுப் பெயிண்ட் நாற்றம் குடலைப் பிடுங்கியது. காலையில் கதவைத் திறக்குமுன் சோதனை ஓட்டு என்று ஒன்று நடக்கும். வேட்பாளர்களின் ஏஜெண்டுகள் பார்த்துக்கொண்டிருக்க, ஊழியர்களே எல்லாப் பொத்தான்களையும் மாறி மாறி அழுத்தவேண்டும். கணக்கு சரியாக வருகிறதா என்று பார்த்து, அத்தனையையும் அழித்து, இயந்திரத்துக்குச் சீல் வைத்து, ஏஜெண்டுகளிடம் கையெழுத்து வாங்குவார்கள். ஆளுங்கட்சிக்கு டியூஷன் டீச்சர் ஏஜெண்டு, எதிர்க்கட்சிக்குச் சலூன்காரர். பொத்தானை அழுத்தியது ரசீதக்கா. நாற்றம் தாங்காமல் சன்னலையும் அவள்தான் திறந்துவைத்தாள். "ஒளிச்சு வெக்க நம்மகிட்ட என்ன இருக்கு?" என்றும் சொன்னாள். வெளியே வரிசையில் நின்ற எவனோ ஒரு புண்ணியவான் அவள் பொத்தான் அழுத்துவதைப் போனில் படம் பிடித்துக்கொண்டான்.

மதியச் சாப்பாட்டுக்காகப் பின்பக்க வராந்தாவில் உட்கார்ந்து போனை உயிர்ப்பித்தாள். குடும்பக் குழுவில் அண்ணன் ஒரு வீடியோ போட்டிருந்தார். முகமில்லை, முதுகும் ஒரு கையும்தான். அந்தக் கை பொத்தானை விடாமல் அழுத்துகிறது. "கதவு திறக்கும் முன்பே எல்லார் ஓட்டையும் போட்டுவிட்டார்கள். இனி போய் என்ன பயன்?" என்று கீழே எழுத்து. அதற்கும் கீழே அண்ணனின் சொந்தக் கைங்கரியம்: "இவ கையை ஒடிக்கணும்." அண்ணி எழுதியிருந்தாள்: "இவளெல்லாம் ஒரு பொம்பளையா?"

முதலில் அவளுக்குப் பயம்தான் வந்தது. பிறகு வந்ததுதான் பெரிய அடி. ஒருத்தருக்குக்கூட அடையாளம் தெரியவில்லை. அண்ணன் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி ஊட்டிய கை அது. அவர்கள் இந்த ஊரில் இருந்தவரை அண்ணன் மகளுக்குப் பள்ளிக்கூட நாளெல்லாம் தலை வாரிய கை. அம்மா இருந்திருந்தால் நிழலைப் பார்த்தே சொல்லியிருப்பாள். டிபன் டப்பாவை மூடிவைத்துவிட்டு அழுதாள்.

வாசலில் வரிசை இளைத்துவிட்டிருந்தது. கேட்டருகே ஒருவன், "எல்லாம் முன்னாடியே குத்திட்டாங்களாம், வெயில்ல நிக்காம வீட்டுக்குப் போங்க" என்று வருகிறவர்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தான். அவர்களும் போனார்கள்.

சாவடி அதிகாரியிடம் ஓடினாள்.

"மேலே ரிப்போர்ட் பண்ணியாச்சு, பதில் வரட்டும்" என்றார் அவர்.

"பதில் வர்றதுக்குள்ள ஓட்டுப்பதிவே முடிஞ்சிடும் சார்."

"உங்க முகம் அதுல தெரியலை. பேசாம இருங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவர் சொன்னதில் தப்பில்லை. வாயை மூடிக்கொண்டால் அவளுக்கு ஒரு சேதமும் கிடையாது. ஆனால் திரும்பிப் போகிறவர்களைப் பார்க்கப் பார்க்க மனசு அடித்துக்கொண்டது. ஏஜெண்டுகளிடம் போய் நின்றாள்.

டீச்சர் உதட்டைப் பிதுக்கினார். "நான் சொன்னா ஆளுங்கட்சிக்காரி மூடி மறைக்கிறான்னு சொல்லுவாங்க. இவர் சொன்னாத்தான் எடுபடும்."

சலூன்காரர் தலையைச் சொறிந்தார். "எங்க ஆளுங்க இப்பதான் போன் பண்ணினாங்க. வீடியோ நமக்கு நல்லது, கண்டுக்காதேன்னாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க தம்பி?"

"கட்சி அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை வரும். நான் நாளைக்கே இந்தத் தெருக்காரங்க கழுத்துகிட்ட கத்தியோட நிக்கணும். பொய்யனை நம்பி எவன் கழுத்தை நீட்டுவான்?" கொஞ்சம் தயங்கினார். "வந்து சொல்றேன். ஆனா அந்தக் கை யாருதுன்னு கேப்பாங்களே அக்கா. உங்களைக் காட்டியாகணும்."

அவளுக்கு அண்ணன் எழுதியதுதான் நினைவுக்கு வந்தது. "காட்டுங்க" என்றாள்.

மூன்று பேரும் கேட்டுக்குப் போனார்கள். அதிகாரி அவசரமாக ஒரு பைலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார், பாவம். ரசீதக்கா கையைத் தூக்கிக் காட்டினாள். "அது என் கைதான். அழுத்தினது சோதனை ஓட்டு. இவங்க கண்ணு முன்னாடியே எல்லாத்தையும் அழிச்சோம்."

"நிஜமாவா?" என்று ஒரு பெண் சலூன்காரரைப் பார்த்துக் கேட்டாள்.

"உன் வீட்டுக்காரர் மீசை மேல சத்தியம். நானும் டீச்சரும்தான் எண்ணினோம், கையெழுத்துப் போட்டோம். இவங்க கட்சிக்கும் எங்க கட்சிக்கும் ஏழாம் பொருத்தம், தெரியுமில்ல? இது ஒண்ணுலதான் ஒத்துப்போறோம்."

கூட்டம் சிரித்தது. அதையும் நாலு பேர் படம் பிடித்தார்கள். டீச்சர் ஒரு தெருவுக்கும் சலூன்காரர் மறு தெருவுக்கும் நடந்து போய் வீட்டு வாசல்களில் சொன்னார்கள். போனவர்களில் பாதிக்கு மேல் திரும்பி வந்தார்கள். மீதிப் பேர் வரவேயில்லை. வந்தவர்களிலும் ஒருத்தி, ரசீதக்கா பிடிக்கப் போன கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். "தொடாம வைங்க" என்றாள். தொடாமல் வைத்தாள்.

பொழுது சாய்ந்து, இயந்திரங்களை ஒப்படைத்துவிட்டுப் பஸ்ஸில் உட்கார்ந்தபோது போன் அடித்தது. அண்ணன். அவர் குரலைக் கேட்டு எத்தனை மாதமாயிற்று. கேட் வாசல் வீடியோ குழுவுக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. காலையில் போட்டதை அவர் அழித்துவிட்டிருந்தார்.

"ஏம்மா, அது நீதானா?" சிரித்து மழுப்பினார். "நீன்னு தெரிஞ்சிருந்தா அப்படி எழுதியிருப்பேனா? முகமே தெரியலையே. யாரோ ஒருத்தின்னு நெனைச்சுட்டேன்."

"யாரோ ஒருத்தியா இருந்தா ஒடிச்சிருக்கலாமா அண்ணா?"

அந்தப் பக்கம் அண்ணன் டிவி சத்தத்தைக் குறைத்தார். "சாப்பிட்டியா?" என்றார்.

"இனிமேதான்" என்றாள்.