ஏறி வந்ததை வைத்துச் சொன்ன எண்

லக்கல போகும் பஸ்ஸைத் தவறவிட்டு இரத்தோட்டையில் நின்ற என்னைத் தன் பழைய மின்சாரக் காரில் ஏற்றிக்கொண்டவர் ஒரு மிருக வைத்தியர். யாழ்ப்பாணத்துப் பெண். ஒல்லியான உடம்பு, கட்டையாக வெட்டிய நரைமுடி. செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு வெறுங்காலோடுதான் ஓட்டினார். எவ்வளவு அழுத்துகிறோம் என்று பாதத்துக்குத் தெரிய வேண்டுமாம். லக்கலயில் கன்று ஈன முடியாமல் துடித்துக்கொண்டிருந்த ஒரு மாட்டைப் பார்க்கத்தான் போய்க்கொண்டிருந்தார்.

மலை ஏற ஏற, இன்னும் எத்தனை கிலோமீற்றர் ஓடும் என்று காட்டும் எண் மளமளவென்று இறங்கியது. உச்சியில் இருபது என்றது. போக வேண்டியதோ முப்பது. வழியில் சார்ஜ் செய்ய இடமே கிடையாது.

"டொக்டர், திரும்பிடுவோங்க. நடுக்காட்டுல நின்னுட்டா என்ன செய்றது?" என்றேன்.

"அது ஏறி வந்ததை வச்சுச் சொல்லுது. இனி இறக்கமெண்டு அதுக்குத் தெரியாது." அவர் பாட்டுக்கு ஓட்டினார்.

இறக்கத்தில் சக்கரம் உருண்ட வேகத்திலேயே பற்றரியில் கொஞ்சம் சார்ஜ் ஏறியது. போய் நின்றபோது எண் ஐம்பதைக் காட்டியது.

"நெறைய இருக்குங்க டொக்டர்!" என்று கைதட்டினேன்.

"இதையும் நம்பாதேங்கோ. இது இறங்கி வந்ததை வச்சுச் சொல்லுது" என்றவர், மாட்டுக்காரர் வீட்டு பிளக்கில் வயரைச் செருகிவிட்டு வெறுங்காலோடே தொழுவத்துக்கு ஓடினார்.

கன்று பிழைத்துக்கொண்டது. பயமுறுத்திய எண்ணையும் சந்தோஷப்படுத்திய எண்ணையும் அவர் ஒரே முகத்தோடுதான் பார்த்தார். அந்த முகம் எனக்கு இன்னும் கைவரவில்லை.