கழுவாத வேன்

நேற்றுக் காலை எங்கள் வாசலில் ஒரு சண்டை. வேனைக் கழுவுவதா, வேண்டாமா?

வாளியோடு நின்றவன் என் மைத்துனன் சூசை. வேன் அவனுடையது. குறுக்கே நின்றவள் அவனுடைய அக்கா பிலோமினா — அதாவது, என் வீட்டுக்காரி.

பிலோமினாவுக்குப் பிறந்த ஊர், கடலுக்கு வெகுதூரத்தில் இருக்கும் காரிமங்கலம். கடலைப் பார்த்ததே இல்லை. வேளாங்கண்ணிக்குப் போய்வந்தவர்கள் யாராவது அலையைப் பற்றிப் பேசினால், அடுப்பில் இருப்பதை மறந்துவிட்டுக் கேட்பாள். செப்டம்பர் திருவிழாவுக்குப் போகலாமென்றால் காட்டு வேலை விடாது. இந்த வருஷம் கேழ்வரகு அறுத்த கையோடு கிளம்பிவிட்டோம். சூசை வேனுக்குள்ளேயே பலகை அடித்துப் படுக்கை போட்டான். ஸ்டவ், அரிசி, டிரான்சிஸ்டர், ஒரு பேரல் குடிதண்ணீர்... ஒரு குடித்தனமே உள்ளே இருந்தது!

புயல் மாசத்தில் கடலோரம் போகிறோமே, என்ன முன்னேற்பாடு? ஒரு தார்ப்பாய். அவ்வளவுதான். மழை வராதா என்று வானத்தைப் பார்த்தே கழுத்து வலித்தவனுக்குப் புயலைப் பற்றி என்ன தெரியும்?

நாகப்பட்டினம் தாண்டியதும் ரேடியோவில் எச்சரிக்கை. கடல் கூப்பிடு தூரம் இருக்கும்போது ஒரு போலீஸ்காரர் மறித்தார். மேட்டில் இருந்த பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொன்னார். போனோம். சூசை பெரிய மரமாகப் பார்த்து அதன் அடியில் வேனை நிறுத்தினான்.

மழை பிடித்துக்கொண்டது. நாங்கள் செய்த காரியம் இருக்கிறதே... சட்டி, பானை, குண்டான் எல்லாவற்றையும் வெளியே பரப்பினோம். மழைத்தண்ணீர் பிடிக்க! எங்கள் ஊரில் மழை வந்தால் முதல் வேலை அதுதானே?

"புயல் வருதுய்யா! பாத்திரம் பறந்தா மண்டை உடையும். மொதல்ல வண்டியை மரத்தடியிலேர்ந்து எடுங்க!" என்று போலீஸ்காரர் கத்தினார். அதற்குள் குண்டான் பறந்துவிட்டது. வேனைச் சுவரோரம் நகர்த்தினோம். சாயங்காலத்துக்குள் அந்த மரமும் சாய்ந்தது.

எங்கள் அறிவில் தேறியது பேரல் தண்ணீர் ஒன்றுதான். சுற்றியிருந்த கிணறுகளில் கடல்நீர் ஏறிவிட்டதால், அங்கே ஒதுங்கியிருந்த குழந்தைகளெல்லாம் அதைத்தான் குடித்தார்கள்.

மழை விட்டது. காற்று மட்டும் விடவில்லை. கரைக்குப் போகும் பாதை உடைந்துவிட்டது, வெளியூர்க்காரர்கள் திரும்பிப் போக வேண்டும் என்றார்கள்.

"ஏனுங்க, அந்த மணல்மேட்டுக்கு அப்பாலதானுங்களே சத்தம் கேக்குது? ஒரே ஒரு தடவ எட்டிப் பாத்துட்டு ஓடியாந்துடறேனுங்க" என்று பிலோமினா போலீஸ்காரரிடம் கெஞ்சினாள். அவர் கூடாது என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னது சரிதான். வேனை ஊருக்குத் திருப்பினோம்; வழிநெடுக அவள் பின்பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

சரி, நேற்றைய சண்டைக்கு வருகிறேன். வேனின் முன்கண்ணாடி முழுக்க வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. பிலோமினா அதை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"கரிக்குதுங்க... நான் போய்ப் பாக்கலைன்னு அதுவே நம்ம வூடு வரைக்கும் வந்திருக்குது பாருங்க!"

"அய்யோ அக்கா, உப்புக்காத்து பட்ட வண்டி. கழுவாம வுட்டா துரு ஏறிடும். மாமா, நீங்களாவது சொல்லுங்க!"

நான் வாளியை வாங்கி முருங்கைக்கு ஊற்றிவிட்டேன்.

துரு ஏறுவதற்குள் அவளைக் கடலுக்குக் கூட்டிப்போக வேண்டும்!