புகைப்புரையில் இருந்த கார் ஹீட்டர்

“ஏட்டி, வேர்க்குரு பவுடர் தீராத ஊருல கார் ஹீட்டர் தேடுதியா? கிட்டாது. குழாய அடைச்சு வண்டிய அனுப்பிவிடு.”

மார்த்தாண்டத்தில் நான் வேலை பார்க்கும் வொர்க்‌ஷாப்பின் முதலாளி அண்ணன் இப்படிச் சொன்னபோது நான் வண்டிக்கு அடியில் கிடந்தேன். காருக்குள் சூடு வர வேண்டிய குழாயை அடைக்க அரை மணி நேரம் போதும். ஆனால் அந்தக் கார் கோத்தகிரியில் இருக்கும் ஒரு டாக்டரம்மாவுடையது. அவர் காலையில் மருத்துவமனைக்குக் கிளம்பினால் குளிரில் முன்கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிடும்; ஹீட்டர் சூட்டில்தான் அது தெளியும். ஒருநாள் தேயிலைச் சரிவின் விளிம்பில் போய்த்தான் வண்டியை நிறுத்தியிருக்கிறார். இந்தமுறையும் ஹீட்டர் இல்லாமல் வந்தால், மாமா கொடுத்த கார் என்றாலும் விற்றுவிடுவதாகச் சொல்லியிருந்தார். முழுதாக என் கையில் விடப்பட்ட முதல் வண்டி அது. அதை விற்கும்படி விட எனக்கு மனமில்லை.

அது பழைய ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார். எஞ்சின் பின்னால் இருக்கிறது. ரேடியேட்டர் இல்லை, தண்ணீரும் இல்லை. ஒரு பெரிய விசிறி காற்றடித்தே எஞ்சினை ஆற்றுகிறது. மற்ற கார்களில் எஞ்சினிலிருந்து வரும் சுடுதண்ணீர்தான் ஹீட்டருக்குச் சூடு தரும். தண்ணீரே இல்லாத வண்டி என்ன செய்யும்? இடமும் வலமும் போகும் புகைக்குழாய்களுக்கு ஆளுக்கொரு தகரச் சட்டை போட்டிருக்கிறார்கள். குழாய்க்குள் புகை போகும். சட்டைக்கும் குழாய்க்கும் நடுவே விசிறிக்காற்று போய்ச் சூடாகி, காருக்குள் வரும். இரண்டும் கலக்கவே கலக்காது. மேனுவலில் இதைப் படித்ததும் அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவும் அப்பாவும் ரப்பர் பால் வெட்டுகிறவர்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். டிப்ளமாவுக்குப் படித்த எந்தப் பாடமும் எனக்கு இவ்வளவு சந்தோஷம் தந்ததில்லை.

எங்களிடம் வந்த காரில் இரண்டு சட்டைகளுமே இல்லை. யாரோ உள்குழாயோடு சேர்த்துக் கழற்றிவிட்டு வெறும் குழாய் மாட்டியிருந்தார்கள். கொச்சியிலும் கோயம்புத்தூரிலும் உள்ள ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளுக்கு மேனுவல் படத்தை போட்டோ எடுத்து அனுப்பினேன். ஒருவர் குளியலறை கெய்சரின் காயிலைப் படமெடுத்து அனுப்பி, “இதுவா?” என்று கேட்டார். குழித்துறையில் ஒரு பழைய இரும்புக்கடைக்கும் போனேன்.

“ஹீட்டரா? குளிக்கதுக்கா, மக்கா?”

“காருக்கு.”

“காரு வெந்நீலயா குளிக்கும்?”

கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்த கடைக்காரர்தான் வழியும் சொன்னார். “நல்ல தகரத்த யாரு தூரப் போடுவா? கழத்துன எடத்துலதான் எதுக்காவது ஒதவிட்டு இருக்கும். அங்க போய்ப் பாரு.”

டாக்டரம்மாவின் மாமாவுக்குக் குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டம் இருந்தது. தோட்டம் கைமாறிவிட்டது, பழைய கார் ஷெட் மட்டும் அப்படியே நின்றது. உள்ளே ஒன்றுமில்லை. ஆனால் பக்கத்துப் புகைப்புரையிலிருந்து வாசனை வந்தது. ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டுச் சூட்டிலும் புகையிலும் உலர்த்தும் கட்டடம் அது. என் பள்ளிச் சீருடையிலும் அந்த வாசனைதான் இருக்கும். கால் தானாக அங்கே போயிற்று.

வெளியே ஒரு அக்கா அடுப்புக்குள் தேங்காய் மட்டைகளைத் தள்ளிக்கொண்டிருந்தார். அடுப்பிலிருந்து சுவருக்குள் போகும் இரண்டு குழாய்களின் மேலும் நான் தேடிய சட்டைகள். அவற்றுக்குள் காற்றடிக்க ஒரு சின்ன மின்விசிறியும் இருந்தது.

“அக்கா, இது ஏது?”

“பழைய முதலாளிக்க காருல கெடந்தது. இந்தச் சூட்டுல இது எதுக்குன்னு டிரைவர் கழத்திப் போட்டாரு. நான் எடுத்து மாட்டுனேன். முன்ன ஷீட்டு உணங்க ஆறு நாளாவும். இப்பம் நாலே நாளு.”

“இப்படி மாட்டணும்னு யாரு சொல்லித் தந்தா?”

“யாரு சொல்லணும்? குழாயத் தொட்டேன், கை சுட்டுது. இம்புட்டுச் சூடும் வீணாப் போவாண்டாம்னு தோணிச்சு.”

மேனுவலில் இருந்த படத்தை அவரிடம் காட்டினேன். காற்று நுழையும் இடம் எது என்று நான் சொல்வதற்குள் அவரே அதில் விரல் வைத்தார்.

அடுப்பு ஆறியதும் சட்டைகளைக் கழற்றினோம். இடப்பக்கத்துச் சட்டையில் முனைகளை அடைத்து, காற்றடித்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கினேன். ஒரு குமிழ்கூட வரவில்லை. வலப்பக்கத்தை முக்கப் போனபோது அக்கா தடுத்தார்.

“அதுல உள்குழாயில நாலு ஓட்டை போட வச்சேன் பிள்ளே. சூடு மட்டும் போனா போருமா? ஷீட்டுக்குப் புகையும் வேணும்லா.”

புகைப்புரைக்கு அது சரியான யோசனை. ஆனால் காரில் மாட்டினால் அந்த நாலு ஓட்டைகள் வழியே எஞ்சின் புகை டாக்டரம்மாவின் மூச்சில் கலக்கும். அதுவும் வலப்பக்கம், ஓட்டுகிறவர் உட்காரும் பக்கம். அவருடைய கண்ணாடி தெளிய வேண்டுமானால் அதுதான் வேண்டும்.

“இத நீ கொண்டுபோனா எனக்க ஷீட்டு எப்படி உணங்கும்?” என்றார் அக்கா. “இதே மாதிரி ரெண்டு செய்து மாட்டு. பொறவு இத எடு.” அப்படிக் கறாராகப் பேசியதற்காகவும் அவரை எனக்குப் பிடித்தது.

அளவெடுத்துக்கொண்டு வந்து தகரம் வெட்டினேன். “காரு வேலை செய்யச் சொன்னா அடுப்பு வேலையா செய்யுத?” என்று முதலாளி அண்ணன் கேட்டார். கேட்டுக்கொண்டே வந்து, வளைக்கும்போது தகரத்தின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். நான் செய்த இரண்டையும் புகைப்புரையில் மாட்டியதும் அக்கா காற்று வரும் வாயில் கை வைத்துப் பார்த்தார். “கொள்ளாம், நல்லா வருது,” என்றார். பழையவை இரண்டையும் துணியில் சுற்றிக் கொடுத்தார்.

அவருக்காக இரண்டு செய்து கை பழகிய பிறகு வலப்பக்கத்துக்குப் பயப்பட ஒன்றுமில்லை. சட்டையைப் பிரித்து, ஓட்டைக் குழாயை வெட்டி எடுத்து, அதே அளவில் புது ஸ்டெயின்லெஸ் குழாய் வைத்து வெல்டிங் செய்தேன். மூன்று முறை தொட்டியில் முக்கினேன். மூன்றாவது முறை முதலாளி அண்ணனும் குனிந்து பார்த்தார். குமிழ் இல்லை. இரண்டையும் காரில் மாட்டினேன்.

டாக்டரம்மாவுக்கு போன் செய்தேன். லாரி அனுப்ப வேண்டாம், வியாழக்கிழமை நானே ஓட்டிக்கொண்டு மலையேறுகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஸ்வெட்டர் வாங்கச் சொல்லி அப்பா இரண்டு நாளாகச் சொல்கிறார். நான் வாங்கவில்லை.