வேதாரண்யம் மச்சானை எண்ணூருக்கு ரயிலேற்றப் போன கதை

போன மாதம் ஒரு திங்கட்கிழமை. வேதாரண்யத்திலிருந்து என் மச்சான் செல்வம் காலடிப்பேட்டையில் என் வீட்டுக்கு வந்து இறங்கியிருந்தார். எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் வெல்டர் வேலை. அன்றுதான் முதல் நாள்; எட்டு மணிக்குள் கேட்டுக்குள் நிற்காவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். ஊரில் நாலு மாதமாக வேலையில்லை.

ஊரில் பால் வாங்கக்கூட பைக்கில் போகிற ஆள். பைக் இல்லாமல் ஒரு கால் குறைந்தவர் போல நின்றார்.

6.55க்குக் கிளம்பி, திருவொற்றியூர் ரயில் நிலையத்துக்கு இரண்டு கிலோமீட்டர் நடந்தோம். டிக்கெட் ஐந்து ரூபாய், எண்ணூர் மூன்றாவது நிறுத்தம். ரயில் வருகிற நேரத்தில் மச்சான், “ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன். டிரைவர்ட்ட சொல்லி வைங்க அத்தான்” என்று வெளியே போய்விட்டார். அவர் ஊர் மினி பஸ் அப்படித்தான் நிற்குமாம்.

ரயில் போய்விட்டது.

“இன்னா மச்சான், ரயிலு உன் மாமன் வூட்டுதா?” என்றேன். சிரிக்கவில்லை. முகம் வெளுத்திருந்தது. அவரை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

மணி 7.30. அடுத்த ரயிலுக்குக் காத்திருந்தால் எட்டு தாண்டிவிடும். வெளியே ஒரு ஷேர் ஆட்டோ. “ஏறு நைனா, எடம் கீது” என்றார் டிரைவர். இடமே இல்லை, ஏறினோம். கன்டெய்னர் லாரி வரிசைக்குள் வண்டி நுழைந்தது. கை காட்டுகிற இடத்திலெல்லாம் நின்றது. மச்சான் மணி பார்க்கிறதைப் பார்த்து, மீன்கூடை வைத்திருந்த அக்கா விசாரித்தார். சொன்னேன். அவர் டிரைவர் பக்கம் திரும்பினார்.

“தோ பாரு, எட்டுக்கு கேட்டு மூடிருவானாம். எவன் கை காட்னாலும் நிக்காத, போய்கினே இரு!”

“என் கலெக்சன் நீ குடுப்பியா அக்கா?”

“மீனு குடுக்கறேன். வாய மூடிகினு ஓட்டு.”

நடுவில் இறங்க வேண்டிய இரண்டு பேரும், “நாங்க திரும்பி வந்துக்கறோம், வுடு” என்றார்கள். 7.57க்குத் தொழிற்சாலை கேட்டு முன்னால் வண்டி நின்றது. மச்சான் ஓடினார். நன்றி சொல்லக்கூட நேரமில்லை; அக்காதான் அவருக்குக் கை காட்டினார்.

சின்ன ஊரில் பேர் தெரிந்ததால் வண்டி நிற்கிறது. அப்புறம் ஏன் அங்கே வீட்டுக்கு ஒரு பைக்? கடைசி பஸ் ஏழு மணிக்கே போய்விடுகிறதே! இங்கே எந்நேரமும் ஏதாவது ஒரு வண்டி வருகிறது, அதனால் சொந்த பைக் இல்லாமல் ஒன்பது பேர் ஒரே வண்டியில் இடித்துக்கொண்டு போகிறோம். நல்ல புத்தியால் இல்லை, ஊர் பெரிசு, அவ்வளவுதான்.

எண்ணூர் போகிறவர்கள் ரயிலுக்குப் பத்து நிமிடம் முன்னாலேயே நில்லுங்கள். ஷேர் ஆட்டோ என்றால் முப்பது ரூபாய், அரைமணி நேரம். கை காட்டியும் அது நிற்காமல் போனால் திட்டாதீர்கள். உள்ளே யாருக்காவது எட்டு மணி ஆகிக்கொண்டிருக்கும்.