ஓடை தெளிந்த பிறகு

1. டெமோ

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒரு சிறு நிறுவனத்தின் ஆய்வகத்துக்கு நான் பொறுப்பாளனாக இருந்தேன். வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றவன். டைட்டானியம் டை ஆக்சைடு நானோ துகள்களைப் பாலிமரில் பொதித்துக் கடுகளவு மணிகளாக்குவது எங்கள் வேலை. அவற்றை ‘பீட்ஸ்’ என்போம். சாயக் கழிவுநீரில் பீட்ஸைப் போட்டு வெயிலில் வைத்தால் சாய மூலக்கூறு உடைந்து நிறம் போய்விடும்.

பக்கத்துச் சாய ஆலையில் முதல் டெமோ. காலையில் ரத்தச் சிவப்பாக இருந்த தொட்டி நீர் மாலையில் அடித்தரை தெரியுமளவு தெளிந்திருந்தது. ஆலை மேலாளர் ஒரு டம்ளரில் மொண்டு வெளிச்சத்தில் பிடித்தார்.

“டாக்டரே, இன்னா மாயம் பண்ணீங்க? வாட்டர் கேன் போடறவன் பேஜாராயிடுவான்!”

“குடிச்சுக் காட்டட்டுமா சார்?” என்றார் எங்கள் முதலாளி.

எல்லோரும் சிரித்தார்கள். நான் மேலாளர் கையிலிருந்த டம்ளரை வாங்கிக் கீழே கொட்டினேன். எனக்கு எதுவும் தெரியாது என்று பிற்பாடு சொல்லிக்கொள்ள முடியாதபடி அன்று என் கை நடந்துகொண்டது.

2. செய்யாத சோதனை

நிறம் போவது வேறு, சாயம் முழுதும் சிதைவது வேறு. அசோ வகைச் சாயத்தில் நிறம் தரும் பிணைப்பு முதலில் அறுந்துவிடும். மிஞ்சும் துண்டுகளில் அரோமேட்டிக் அமீன்கள் இருக்கலாம். அவை பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. சில, சாயத்தைவிட நஞ்சு. இன்னும் வெயில் பட்டால் அவையும் சிதையும். ஆனால் எங்கள் ஸ்பெக்ட்ரோமீட்டரில் நான் பார்த்தது நிறத்தின் அளவைக் காட்டும் சாயத்தின் பீக்கை மட்டும்தான். நீரில் கரிமப்பொருள் மொத்தம் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் டிஓசி சோதனைக்கு மாதிரியை வெளியே அனுப்ப வேண்டும்.

முதலாளியிடம் ஒருமுறை கேட்டேன். “டிஓசி பார்த்துட்டு ரிப்போர்ட் குடுக்கலாமே சார்?”

“பார்த்து, இன்னும் ரெண்டு நாள் தொட்டியிலயே வெக்கணும்னு வந்தா? அவ்ளோ தொட்டி அவங்ககிட்ட ஏது? ஆர்டர் போயிடும். கலர் போச்சா இல்லியா?”

“போச்சு.”

“அத எழுதுங்க.”

எழுதினேன். பொய் எழுதவில்லை என்று சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

3. கேட்டில் வந்து கேட்டவர்

முன்பு சிவந்த நீரை விட்ட ஓடையில் ஆலை இப்போது தெளிந்த நீரை விட்டது. சில வாரங்களில், தண்ணீரைத் தெளிய வைப்பது நாங்கள்தான் என்று கேள்விப்பட்டு, எஸ்தர் என்பவர் எங்கள் கேட்டுக்கு வந்தார். ஓடைக்கு அப்பால் உள்ள குடியிருப்பில் ஆடு வளர்த்துப் பிழைப்பவர். மருமகள் ரூபியும் கூட வந்திருந்தாள். முதலாளி என்னையும் அழைத்துக்கொண்டு போனார்.

“ஆடுங்க நொரை தள்ளி செத்துக்கினே கீது சார். ஓடையிலதான் குடிச்சுதுங்க. தண்ணி செவப்பா இருந்தப்போ நான் கிட்டவே வுட மாட்டேன். இப்போ நல்லா கீதேன்னு நானேதான் ஓட்டிக்கினு போனேன். மிச்சத்த அங்க வுடலாமா, வேணாமா? அத மட்டும் சொல்லு சார்.”

முதலாளி என்னைப் பார்த்தார். ‘விடாதீங்க’ என்ற ஒரு சொல் போதும்.

“தண்ணியில ஒண்ணும் இல்லம்மா,” என்றேன். “பிளாஸ்டிக் கவர் ஏதாவது தின்னிருக்கும்.”

எஸ்தர் மருமகள் பக்கம் திரும்பினார். “கேட்டியாடி? சோத்தக் கவர்ல கட்டி வெளிய வீசாதன்னு தலப்பாடா அடிச்சுக்கினேனே! படிச்சவரு சொல்றாரு பாரு.”

“நான் எங்க அத்த வீசினேன்?” ரூபி அழுதாள்.

எஸ்தர் என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார். மிச்ச ஆடுகளையும் ஓடைக்கே ஓட்டினார். ஒன்றும் மிஞ்சவில்லை.

பிறகுதான் ஓடை நீரை யாருக்கும் தெரியாமல் சோதனைக்கு அனுப்பினேன். டிஓசி பெரிதாகக் குறைந்திருக்கவே இல்லை. முதலாளியிடம் காட்டினேன், ஆலையில் சத்தமில்லாமல் கூடுதல் தொட்டி கட்டி, நீரை வைக்கும் நேரத்தைக் கூட்டினார்கள். எஸ்தரிடம் யாரும் சொல்லவில்லை. ஆடுகளை அறுத்துப் பார்க்காததால் எதுவும் நிரூபணமாகவில்லை என்ற வாதத்துக்குள் ஓய்வு பெறும்வரை ஒளிந்திருந்தேன்.

ஓய்வுக்குப் பின் எஸ்தரைத் தேடிப் போய் உண்மையைச் சொன்னேன்.

“அந்தக் கவர் சண்டையிலதான் ரூபி புள்ளைங்கள இட்டுக்கினு புதுவாயலுக்குப் போயிட்டா. எங்கூட பேசறதில்ல. வா சார், அவகிட்ட நீயே சொல்லு.”

ஷேர் ஆட்டோவில் போனோம். வாசலில் நின்றபடி ரூபியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. மாமியாரைத்தான் பார்த்தாள்.

“நாஷ்டா துன்னியா அத்த?”

எஸ்தர் இல்லை என்று தலையசைத்தார். ரூபி அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள். என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் போக எனக்குத் தகுதியில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். சோதித்துப் பார்க்காததைப் பற்றி யாராவது கேட்டால், பார்க்கவில்லை என்று சொல்லிவிடுங்கள். நம் பதிலை நம்பி அவர் வீட்டில் போய் யாரைக் குற்றவாளி ஆக்குவார் என்பது நமக்குத் தெரியாது.