சின்ன உடம்புக்கு எவ்வளவு சோறு

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பெங்களூர் நீலசந்திராவில் எங்கள் வீட்டு அடுப்பு மேடையில் காலையில் இரண்டு டிபன் டப்பாக்கள் உட்கார்ந்திருக்கும். பெரியது எனக்கு, சின்னது அண்ணிக்கு. இருவரும் ஓசூர் ரோடு பக்கம் ஒரே கார்மெண்ட்ஸில் தையல் மிஷின் ஓட்டினோம். வயதும் ஏறக்குறைய ஒன்றுதான். நான் பெண்ணென்றாலும் வாட்டசாட்டம், அண்ணி என் தோளுக்குத்தான் வருவாள். ஆளைப் பார்த்து அம்மா சோறு போட்டாள், அது எல்லோருக்கும் நியாயமாகவே பட்டது. மிஷின் ஆளைப் பார்த்தா வேலை வாங்குகிறது? எனக்கு எத்தனை காலரோ அவளுக்கும் அத்தனை காலர். மத்தியானம் பக்கத்து மிஷின் கன்னடக்காரப் பெண் "ஊட்டா ஆய்த்தா?" என்று, சாப்பாடு ஆனதா எனக் கேட்பாள். டப்பாவைக் கழுவிக்கொண்டே அண்ணி "ஆய்த்து" என்று தலையாட்டுவாள்.

அண்ணி உண்டானதும் அந்தச் சின்ன டப்பாவில் பாதிதான் நிரம்பியது. அம்மா கெட்டவள் இல்லை, இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்மாவின் தங்கை, என் சித்தி, தலைப்பிரசவத்திலேயே போய்ச் சேர்ந்தவள். குழந்தை பெரிசு, வெளியே வரவில்லை என்றார்களாம். அவளும் அண்ணி மாதிரியே பொடிசு. "சின்ன இடுப்புடி உனக்கு. நீ நல்லா தின்னு புள்ள பெருத்துட்டா வர்றதுக்கு வழி எங்க இருக்குது?" என்று அம்மா அண்ணியின் தலையைத் தடவிக்கொண்டேதான் களியைக் கிள்ளி வைப்பாள். எங்கள் தெருவில் பாதிப் பேர் அப்படி அரைவயிற்றோடுதான் பிள்ளை பெற்றார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மருத்துவ முகாமில் எடை பார்த்த நர்ஸம்மா முள்ளைப் பார்த்துவிட்டு அண்ணியைப் பார்த்தார். சுவரில் கலோரி என்று போட்டு ஒரு படம் தொங்கியது. "கலோரின்னா சோத்துல இருக்கற பலம், அவ்ளோதான். சின்ன உடம்புன்னு நாள் பூரா மிஷின் மிதிக்காம இருக்கியா? உள்ள வேற ஒரு உசுரு. முன்னவிட ஜாஸ்தி துன்னணும். களி, பருப்பு, கீரை, முட்டை, பால். பயப்படாத, புள்ளைக்கு பலம், உனக்கும் பலம்." அண்ணி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

மறுநாளிலிருந்து என் டப்பாவில் ஒரு முட்டையைச் சோற்றுக்குள் புதைத்து எடுத்துப் போனேன். அண்ணி அதைத் தொடவில்லை.

"சாப்பிடுங்க அண்ணி. அம்மாவுக்கு எங்க தெரியப்போவுது?"

"அத்தைக்காக இல்ல. எனக்கே பயமாத்தான் இருக்குது. உங்க சித்தி மாதிரி ஆயிட்டா?"

அம்மாவிடம் சண்டை போடலாம். வயிற்றுக்குள் இறங்கிவிட்ட பயத்தோடு எப்படிச் சண்டை போடுவது? சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது.

பிரசவம் சுலபமாக ஆனது. "பாத்தியா, நோவாம பெத்துட்டா" என்று அம்மா வார்டு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனாள். பெண் குழந்தை, என் உள்ளங்கையில் அடங்கிவிடும் போலிருந்தது. கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். அண்ணிக்கு ரத்தமே இல்லை என்றார் டாக்டர். பால் சுரக்கவில்லை, எழுந்து நின்றால் கண் இருட்டியது. அப்புறம் அம்மா தட்டு நிறையப் போட்டுக்கொண்டு பின்னாலேயே அலைந்தாள். அண்ணிக்கு நாலு வாய்க்குமேல் இறங்கவில்லை. குழந்தை பிழைத்தது. அண்ணி திரும்ப மிஷினில் உட்காரவே இல்லை. இன்றைக்கும் மாடிப்படி ஏறினால் நடுவில் ஒருமுறை நின்றுதான் ஏறுகிறாள்.

அம்மா போய் வருஷங்கள் ஆயின. அந்தக் குழந்தை இப்போது காலேஜுக்குப் போகிறது, அதே பொடி உடம்பு. இரண்டு பஸ் மாறிப் போய் வந்து, சாயங்காலம் டியூஷனும் எடுக்கிறாள். போன வாரம் ஒரு தோசையோடு தட்டைத் தள்ளினாள். பிரௌசிங் சென்டரில் கணக்குப் பார்த்தாளாம். "என்ன மாதிரி குள்ளமா இருக்கறவங்களுக்கு இவ்ளோ கலோரி போதும் அத்தை. மிஞ்சினா வெயிட் போட்டுரும்." மறுபடியும் முதலிலிருந்தா?

அண்ணி கல்லிலிருந்து இன்னொரு தோசையை எடுத்து வந்து அவள் தட்டில் போட்டாள்.

"உன்ன பெக்கறப்ப எனக்கு வலியே தெரியல. அவ்ளோ சின்னதா இருந்த" என்றாள்.

தன் அம்மா பெருமையாகச் சொல்கிறாள் என்று நினைத்து மகள் சிரித்தாள். அண்ணி சிரிக்கவில்லை. எதிரில் மணை போட்டு உட்கார்ந்தவள், தோசை தீரும்வரை எழுந்திருக்கவில்லை.